வந்தாங்கரையின் நிழல்

வெள்ளைத்திடலில் உப்பு விளையும், வேறெதுவும் விளையாது. வேம்பு வைத்துப் பார்த்தார்கள், புங்கை வைத்துப் பார்த்தார்கள், எதையும் தாங்கும் என்று சொல்லி உடைமரத்தைக்கூட வைத்துப் பார்த்தார்கள், எல்லாம் இலை கருகி, பட்டை வெளுத்து, நட்டவனையே குற்றம் சொல்லுகிற மாதிரி நின்றவாக்கில் செத்துப் போயின. அதனால் அந்த ஊர்க்காரர்களுக்கு நிழல் என்றால் நிற்கிற லாரிக்கு அடியில் கிடப்பது, அல்லது காலையில் உப்புக் குவியலுக்கு மேற்கே ஒரு சாண் அகலத்துக்கு விழுவது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊரில் மனிதர்களுக்கு இரண்டு, மூன்று என்று நிழல் விழ ஆரம்பித்தபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. இத்தனை காலம் விழாமல் இருந்ததற்குத்தான் வருத்தப்பட்டார்கள்.

அதற்குக் காரணம் வம்சாவளி மன்றம். கடற்கரை நெடுக இருக்கிற உப்பளத்து ஊர்களும் வலைக்கார ஊர்களும் பனங்காட்டு ஊர்களும் ஒன்றுகூடி, அவரவர் ஊர் முன்னோரை அவரவரே தேடுவது, தேடிக் கிடைத்ததை மற்ற ஊர்களோடு பகிர்ந்துகொள்வது என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. ஊருக்கு ஒரு பொறுப்பாளர், ஊருக்குள் கரைக்கு ஒரு பொறுப்பாளர், எல்லாருக்கும் பொதுவாகச் செல்போனில் ஒரு குழு. ஞாயிற்றுக்கிழமை தோறும் கரைக்காரர்கள் உப்புச் சங்கத்தின் வாசலில் கூடி, தகப்பன் பேர், தகப்பனுக்குத் தகப்பன் பேர் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். சொன்ன பேருக்கு மூன்று வீட்டார் எழுந்து "சரி" என்று சொன்னால்தான் அந்தப் பேர் நிற்கும். இது மன்றத்தின் சட்டம்.

கரை என்பது கோயில் காரியங்களுக்காக ஊர் தன்னைத் தானே பிரித்துக்கொண்ட பங்கு. வெள்ளைத்திடலில் ஐந்து கரை. தலைக்கரை, நடுக்கரை, வடகரை, தென்கரை ஆகிய நான்கும் ஊரைக் கட்டியவர்கள் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள், மறுத்துச் சொல்ல அந்தக் காலத்து ஆள் யாரும் உயிரோடு இல்லை. ஐந்தாவது வந்தாங்கரை. பஞ்சத்திலும் புயலிலும் பிழைப்புத் தேடி ஒவ்வொரு திசையிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். வந்து நான்கு தலைமுறை ஆகியும், இந்த ஊரில் பிறந்து இந்த ஊர் உப்பிலேயே கால் வெடித்தும், வந்தவர்களாகவே இருந்தார்கள். வைகாசி மாதம் உப்பாச்சியம்மன் கோயில் கொடைத் திருவிழாவில், உச்சிப்பொழுதுக்கு, நான்கு கரையாரும் அம்மன் வாசலில் பொங்கல் பானைகளை நேர் வரிசையாக வைப்பார்கள். வந்தாங்கரையார் ரோட்டுக்கு அந்தப் பக்கம், லாரி எடை போடுகிற மேடைக்குப் பக்கத்தில் வைப்பார்கள். வரிசைக்கு வரக்கூடாது என்று யாரும் தடுத்ததில்லை. வாருங்கள் என்று யாரும் கூப்பிட்டதும் இல்லை.

வந்தாங்கரையின் பொறுப்பாளர் செல்லக்கனி. பேருந்து நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள், நாற்பதைத் தாண்டியவள், வாய்க்கு அஞ்சி ஊரில் பலர் அவளிடம் மட்டும் சில்லறையைச் சரியாகக் கொடுப்பார்கள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அம்மா புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்பு ஊதுவதைப் பார்த்து, "நம்ம பானை மட்டும் ஏம்மா இந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். "அம்மனுக்கு ரெண்டு பக்கமும் கண்ணு தெரியும்ட்டி, நீ சுள்ளிய எடு" என்றாள் அம்மா. அந்தப் பதில் செல்லக்கனிக்கு அன்றும் செரிக்கவில்லை, இன்றும் செரிக்கவில்லை. அம்மாவுக்கு ஊத மூச்சு இருக்கும்போதே அவள் பானை ஒரு தடவையாவது அந்த வரிசையில் பொங்கிவிட வேண்டும் என்பதற்காகத்தான் பொறுப்பாளர் வேலையையே அவள் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அம்மாவின் பேர் பூரணவடிவு. அது ஊரில் யாருக்கும் தெரியாது. வெள்ளைத்திடலில் வாக்கப்பட்டு வந்த பெண்களைப் பிறந்த ஊரை வைத்துக் கூப்பிடுவதுதான் வழக்கம். பனையடியூரிலிருந்து வந்தவள் பனையடியாள், சேந்தன்குளத்திலிருந்து வந்தவள் சேந்தங்குளத்தாள். கள்ளிமேட்டிலிருந்து வந்த பூரணவடிவு, மணவறையிலிருந்து இறங்கிய கணம் முதல் கள்ளிமேட்டுக்காரி. அவள் புருஷனும் அப்படித்தான் கூப்பிட்டார், அதையும் ஆசையாகத்தான் கூப்பிட்டார்.

முதல் நிழல் தலைக்கரைக்குத்தான் விழுந்தது. கரைத் தலைவர் அணைஞ்சபெருமாள் அண்ணாச்சி, கஞ்சி போட்ட சட்டையும் அதைவிட விறைப்பான கழுத்துமாக எழுந்து நின்று, பூட்டன் பேரைச் சொல்லி, மூன்றாவது வீட்டார் "சரி" என்றதும், அவர் நிழலின் தலைமாட்டிலிருந்து இன்னொரு நிழல் முளைத்து நீண்டது. அண்ணாச்சி சடாரென்று திரும்பி, "யாருல அது பின்னால நிக்கது?" என்று கேட்டார்.

"யாருமில்ல அண்ணாச்சி, உங்க பூட்டனார்தான்" என்றார் சங்கத்துக் காவலாளி, வெற்றிலையை மென்றுகொண்டே.

"அப்படியா" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

அப்புறம் நான்கு கரையிலும் நிழல்கள் விழுந்தன, ஒன்றன் தலையில் ஒன்று கால் வைத்து நீளநீளமாக விழுந்தன, காலையில் ஒருவர் டீக்கடைக்கு வந்தால் அவருடைய வம்சத்தின் கடைசித் தலை தபால் ஆபீஸைத் தொட்டது, ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. கருவாடு காயப்போட்டிருந்த பெண்கள், "ஒம்ம வம்சத்தச் சுருட்டிக்கிட்டு அந்தாக்குல போவும், மீனு காயணும்" என்று கத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் நீள நிழல் பிள்ளைகளைக் கரும்பலகைக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கச் சாயங்காலம் நான்கு மணிக்குமேல்தான் வந்தார்கள், அப்போதுதான் நிழல் ஆளைவிடப் பெரிதாகத் தெரியும்; விவரம் தெரிந்த பெண் வீட்டார், "உச்சி வெயில்ல வந்து நில்லுங்க, அப்பப் பாப்போம்" என்று திருப்பி அனுப்பினார்கள். தென்கரையில் ஒருவர் தன் பாட்டன் ஒரு ராஜாவுக்கு மந்திரி என்று சொல்லி, மைத்துனர்கள் மூன்று பேரை எழுப்பிச் "சரி" போடவைத்தார். புது நிழல் வராததோடு, இருந்த நிழலும் கோபித்துக்கொண்டு போய்விட்டது. அது திரும்பி வரும்வரை அவர் குடை பிடித்துக்கொண்டு நடந்தார்.

வந்தாங்கரைக்கு மட்டும் ஆளுக்கு ஒரு நிழல்தான், அதுவும் அவரவருடையது. தாத்தா பேருக்கு மேலே அவர்களுக்கு ஏணி இல்லை. எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது ஓரளவு தெரியும். அந்த ஊர்களுக்கெல்லாம் செல்லக்கனி எழுதிக் கேட்டாள், ஊரை விட்டுப் போன ஆணின் பேரை ஊர் வைத்திருக்காது என்றுதான் எல்லா இடத்திலிருந்தும் பதில் வந்தது. அவன் நிலத்தை வாங்கியவன் பேர் இருந்தது, அவன் வீட்டில் குடியேறியவன் பேர் இருந்தது.

கொடைக்குப் பந்தல்கால் நட்ட அன்று ஊர்க்கூட்டத்தில் அணைஞ்சபெருமாள் எழுந்தார். "இந்த வருசம் வம்சம் காட்டுத கரைக்குத்தான் பானை. வந்தாங்கரையும் காட்டட்டும். காட்டினா வரிசையிலயே எடம் தாரோம். காட்டலன்னா, ரோட்டுக்கு அந்தப் பக்கமும் ஊர்க்கொடைதானே, அங்கயும் வைக்கப்படாது."

"காட்டுதோம் அண்ணாச்சி" என்றாள் செல்லக்கனி. அதைச் சொல்லும்போது அவள் கையில் ஒன்றுமே இல்லை. நாக்கு முந்திக்கொண்டுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பூரணவடிவு பிடித்துக்கொண்டாள்.

"இருந்த எடத்தையும் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டியேட்டி. அம்பது வருசமா அங்க அடுப்புக் கூட்டுதேன். இனி கொடையன்னைக்கு எங்க போயி நிப்பேன்?"

செல்லக்கனி அன்றைக்குச் சாப்பிடவில்லை. அம்மாவை வரிசைக்குக் கொண்டுபோகப் போய், அம்மாவின் அடுப்பையே அணைத்துவிட்டோமே என்ற நினைப்பு அவளைத் தின்றது.

அந்த நேரத்தில் உப்பளத்தில் ஒரு விஷயம் வெளிப்பட்டது. நீள நிழல்காரர்கள் பாத்திகளின் மேல் நடந்தால் வெயில் மறைந்து உப்பு விளையாமல் போகும் என்று அளத்து முதலாளி கிறிஸ்துராஜா பதறிக்கொண்டிருந்தார். வந்து பார்த்தால், அணைஞ்சபெருமாளின் ஏழு தலைமுறை விழுந்து கிடந்த பாத்தியில் உப்பு வழக்கம்போலப் பூத்திருந்தது, வெயிலில் கிடந்த பாத்தியைவிட ஒரு மணி உப்புக்கூடக் குறையவில்லை. முதலாளிக்கு நிம்மதி. கஞ்சி குடிக்க அந்த நிழலுக்குள் போய் உட்கார்ந்த பெண்கள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கருப்பாக இருந்தது, நீளமாக இருந்தது, வெயில் அப்படியே சுட்டது. பெரிய மனிதர் விஷயம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. பூரணவடிவுதான் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நெழலுன்னு பேரு. குளுரக் காணமே."

செல்லக்கனி அதை யோசித்துக்கொண்டே கடையில் இருந்தபோது கள்ளிமேட்டுப் பொறுப்பாளர் ஞானதுரையிடமிருந்து அழைப்பு வந்தது. பழைய பஸ் கண்டக்டர். பேசுவதெல்லாம் விசில் ஊதுகிற வேகம்.

"யம்மா, ஒங்க ஊருக்கு வந்த ஆம்பளயளப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா எங்க ஊர்ல பெறந்து ஒங்க ஊருக்கு வாக்கப்பட்டுப் போன பொம்பளயள் பேரு பூராம் தாரேன். பெறந்த வீட்டுல அத மறக்க மாட்டாவ, பேத்திக்கு அந்தப் பேர வச்சிருப்பாவ. பதிலுக்கு நீங்க ஒரு ஒதவி செய்யணும். எங்க முப்பாட்டி வெள்ளைத்திடல்காரின்னுதான் எங்களுக்குத் தெரியும். அவ பேரு என்னம்மா?"

அப்போதுதான் செல்லக்கனிக்குப் புரிந்தது. வெள்ளைத்திடலின் தாய்மார்களுடைய பேர்கள் வெள்ளைத்திடலில் இல்லை. அவை கள்ளிமேட்டிலும் பனையடியூரிலும் சேந்தன்குளத்திலும் இருக்கின்றன. அந்த ஊர்களின் தாய்மார் பேர்கள் இங்கே கிடக்கின்றன. ஒவ்வொரு ஊரும் பக்கத்து ஊரின் அம்மாக்களைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, தன் அம்மாவைத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. ஏழு தலைமுறைக்குத் தகப்பன் பேரைச் சொல்லி "சரி" போட்ட கூட்டத்தில் ஒருத்தருக்கும் இது உறைக்கவில்லை, பொறுப்பாளர் என்று மார்தட்டிக்கொண்ட தனக்கும் உறைக்கவில்லை என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அன்று முதல் மன்றத்துக் குழுவில் பேர்கள் பறந்தன. நீ எங்கள் பெண்ணின் பேரைச் சொல், நான் உங்கள் பெண்ணின் பேரைச் சொல்லுகிறேன் என்று ஊரும் ஊரும் பண்டமாற்றுச் செய்துகொண்டன. பிறந்த ஊரில் மூன்று வீட்டார் எழுந்து "சரி" சொல்லி அந்தக் குரலைச் செல்போனில் அனுப்பினார்கள். முதலில் வந்தது செல்லக்கனியின் அப்பாவைப் பெற்ற பாட்டியின் பேர். அவள் அதை எடுத்துக்கொண்டு அளத்துக்கே ஓடினாள். வரப்பில் நின்று, மூச்சு வாங்க, "யம்மா, ஒங்க மாமியா, பனையடியாள், அவ பேரு பட்டுக்கனி!" என்று கத்தினாள்.

அவளுடைய காலடியில் ஒரு நிழல் விழுந்தது. நீளமாக விழவில்லை. மாவு கொட்டினாற்போல வட்டமாகப் பரந்தது, அதற்குத் தலையில்லை, கை கால் இல்லை, அதற்குள் வேப்பமரத்தடியின் குளிர்ச்சி இருந்தது. பூரணவடிவு வெடித்த பாதத்தை மெல்ல அதற்குள் வைத்தாள், வைத்துவிட்டு எடுக்கவே இல்லை.

"பட்டுக்கனியா?" என்றாள். "என்னயப் போட்டு என்ன பாடு படுத்தினா. இவ்வளவு அழகான பேர வச்சுக்கிட்டா?"

பேர் வரவர வந்தாங்கரையார் ஒவ்வொருவரைச் சுற்றியும் வட்டம் அகன்றது. பட்டுக்கனியின் மாமியார் பேர் ஆவுடைத்தங்கம் என்று தெரிந்ததும் செல்லக்கனி வீட்டில் கோழிகள் வெயில் நேரத்திலும் மேய்ந்தன. பனையடியாளாகவே செத்துப்போன இன்னொருத்தியின் பேர் சிவகாமிக்கண்ணு என்று தெரிந்த அன்று அவளுடைய பேரன்கள் நான்கு பேரும் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதார்கள், அவர்கள் அழுத இடம் சாயங்காலம் வரை குளிர்ந்தே கிடந்தது. கிறிஸ்துராஜா தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். வந்தாங்கரைப் பெண்கள் நின்ற பாத்தியில் உப்பு விளையவில்லை. "ஒங்க ஆச்சிமார வரப்போட நிறுத்திக்கிடுங்கம்மா, பாத்திக்குள்ள எறக்காதீய" என்று கெஞ்சினார். பத்து நிமிஷம் கழித்து அவரே அந்த வரப்பில் வந்து உட்கார்ந்து மோர் குடித்தார்.

பனையடியூரும் சேந்தன்குளமும் பேர் அனுப்பும்போது கரை பிரித்து அனுப்பவில்லை. தலைக்கரைத் தாய்மாரின் பேர்களும் செல்லக்கனியிடம்தான் வந்து சேர்ந்தன. கொடுக்காதே என்றார்கள் அவளுடைய கரைக்காரர்கள். அவள் கேட்கவில்லை. அணைஞ்சபெருமாள் வீட்டு வாசலுக்கே போனாள்.

"அண்ணாச்சி, ஒங்க அம்மையப் பெத்தவுக பேரு கெடச்சிருக்கு."

"சேந்தங்குளத்தா. எனக்குத் தெரியுமே."

"அது ஊரு அண்ணாச்சி. பேரு வெள்ளையாபரணம்."

"வம்சம்னா ஆம்பள வழிதான் தாயி. பொம்பள பேர வச்சு என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு, ஏழு தலைமுறையையும் இழுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். அவர்கள் எல்லாரும் நுழைந்து முடியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கொடைக்கு முந்தின நாள் கரைத் தலைவர்கள் நால்வரும் வந்து வந்தாங்கரையின் வட்ட நிழலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், குனிந்து பார்த்தார்கள், ஒருவர் கழற்றிய செருப்பால் தொட்டும் பார்த்தார். தலை இல்லை, கால் இல்லை, எது தகப்பன் எது மகன் என்று தெரியவில்லை, இதை வம்சம் என்று ஏற்க முடியாது என்று தீர்ப்பானது. ஆகவே பானை கிடையாது, எந்தப் பக்கமும்.

மறுநாள் விடிந்ததும் செல்லக்கனி கடையும் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பூரணவடிவு குளித்து, புதுச்சேலை உடுத்தி, பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டி, அடுப்புக்கட்டிகளைக் கூடையில் அடுக்கினாள்.

"யம்மா, வைக்கக்கூடாதுன்னு சொல்லியாச்சே."

"சொன்னவன் வந்து தூக்கட்டும். எந்திரிட்டி. என் மாமியா பட்டுக்கனி, அவ மாமியா ஆவுடைத்தங்கம், அவளுக்குப் பொறத்தால எத்தனையோ பேரு. அவ்வளவு பேரயும் கூட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளயா குத்தவைக்கச் சொல்லுத?"

அவ்வளவு பெருமையாக அம்மா நிமிர்ந்து நின்று செல்லக்கனி பார்த்ததில்லை. அவள் கூடையைத் தூக்கினாள். அவர்கள் தெருவில் இறங்கியதைப் பார்த்து வந்தாங்கரையே பானைகளோடு இறங்கியது.

காலையில் அம்மன் வாசலில் நான்கு கரையின் நிழல்களும் சாமியாடிக்கு நடக்க இடமில்லாமல் அடைத்துக் கிடந்தன. பொழுது ஏற ஏற அவை குறுகின. ஏழு தலைமுறையும் ஆறாகி, மூன்றாகி, உச்சிப்பொழுதில் எல்லாம் சுருண்டு அவரவர் காலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டன. மேளக்காரருக்கு உதடு காய்ந்தது, அடுப்பு அனலும் வெயிலும் சேர்ந்து வரிசையில் நின்றவர்களை வாட்டின. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வந்தாங்கரையின் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, அந்த ஊர் கண்டறியாத ஒரு தோப்பு நிழலாக எடைமேடை முழுவதும் நிறைந்திருந்தது.

முதலில் வடகரையிலிருந்து நிறைமாதக்காரி ஒருத்தி கடந்து வந்தாள். யாரையும் கேட்கவில்லை, வந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். அவளுடைய மாமியார் பானையோடு பின்னால் வந்தாள். பிறகு வடகரையே வந்தது, தென்கரை வந்தது, நடுக்கரை தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு வந்தது. மேளக்காரர்கள் அடித்துக்கொண்டே வந்துவிட்டார்கள். கடைசியில் அம்மனுடைய சப்பரத்தைத் தூக்கியிருந்தவர்களும் தோள் பொறுக்காமல் நிழலில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

அம்மன் வாசலில் தலைக்கரை மட்டும் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு அணைஞ்சபெருமாள் கொதிக்காத பானையைத் தாமே தலையில் தூக்கிக்கொண்டு, தாரில் கால் சுடச்சுட நடந்து வந்து, நிழலின் ஓரத்தில் நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்கவில்லை. கஞ்சி போட்ட சட்டை தொய்ந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"செல்லக்கனி" என்றார். "எங்க அம்மையப் பெத்தவ பேரு என்ன சொன்ன?"

"வெள்ளையாபரணம், அண்ணாச்சி."

"வெள்ளையாபரணம்" என்றார் அவர். இன்னொரு தடவை, தனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். அவர் காலைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்தது, சின்னதுதான், ஒரு ஆள் நிற்கிற அளவு. அந்தக் குளிர்ச்சி ஏறியதும் அவருடைய கண் நிறைந்துவிட்டது. இனி அவர் அங்கேயே நின்றுகொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். அவர் பானையை இறக்கி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, அடுப்பு முன்னால் குந்தியிருந்த கிழவியிடம் திரும்பினார். கள்ளிமேட்டிலிருந்து குழுவுக்கு வந்திருந்த பேரை, ஐம்பது வருஷத்தில் அந்த ஊர் கூப்பிடாத பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"பூரணவடிவு மைனி, ஒங்க பானைக்குப் பக்கத்துல எங்க பானைய வச்சுக்கிடலாமா?"

பூரணவடிவு ஊதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். அவரைப் பார்த்தாள், பின்னால் நின்ற தலைக்கரையைப் பார்த்தாள், வாயில் கைவைத்துக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வையிங்க கொழுந்தனாரே. ஆனா ஒண்ணு. வரிசை எங்க பானையிலருந்துதான் ஆரம்பிக்கும்."

சொல்லி வாயை மூடவில்லை, அவளுடைய பானை பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. வெள்ளைத்திடலில் இன்றைக்கும் வரிசை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் வைகாசியில், உச்சி வெயிலில், குடை எடுக்காமல் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.